பழைய கணினி, மூத்த மாணவர்: விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு

மாம்புரியிலும் கற்பிட்டிக் கரையின் ஏனைய ஊர்களிலும் சங்கக் கணக்கெழுதுவோர் பலர் அறுபதைக் கடந்தவர்கள். வெங்காயமும் மிளகாயும் செய்த கைகள் அவை. பிள்ளைகள் விட்டுச் சென்ற பழைய லப்டொப்பில் மெல்ல மெல்ல எழுத்தடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெட்டிக்குள் சங்கக் கணக்கு மாத்திரம் இருப்பதில்லை. விட்டுவந்த காணியின் உறுதிப் பிரதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கிராம உத்தியோகத்தருக்கு எழுதிய கடிதங்கள், வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளையின் படம் எல்லாம் அங்கேதான் உள்ளன.

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்பு அறிவித்தது. திருத்தம் நின்றதும் கணினி நின்றுவிடாது. வேலி பழுதான அன்றே தோட்டம் அழிவதில்லை. மாடு வரும் நாள்தான் தெரியாது. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால், அது பெரும்பாலும் 2017ஆம் ஆண்டின் பின்னர் வந்த புரொசசர்களையே ஏற்கும். பழைய லப்டொப்புகள் பல அந்த வாசலில் நின்றுவிடுகின்றன. புதிது வாங்கப் பணமில்லாதவருக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி.

லினக்ஸின் மூலக்கருவை 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டொர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டார். இன்று உலகெங்குமுள்ள பலர் அதைத் திருத்தி வளர்க்கிறார்கள். எவரும் விலையின்றிப் பெறலாம், பிறருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். அதில் பல வகைகள் உண்டு. மூத்தவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று அதன் முகம் விண்டோஸை ஒத்தது. 4 ஜி.பி. நினைவகம் போதும், 2 ஜி.பி. மட்டுமே உள்ள கணினியில் அதன் எக்ஸ்.எப்.சி.ஈ. வகையைப் போடலாம்.

வயது போனவர்களால் முடியுமா என்று இளைஞர் கேட்பதுண்டு. கேரள மாநிலத்தின் அரச பாடசாலைகள் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறியபோது ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் மீளப் பயில வேண்டியிருந்தது. அவர்களைப் பயிற்றியவர்கள் பொறியியலாளர்கள் அல்லர். மொழியும் கணிதமும் கற்பித்துக்கொண்டிருந்த சக ஆசிரியர்களே. 2008இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணினிப் பாடம் முழுவதும் லினக்ஸில் நடந்தது. தமிழ்நாட்டிலும், விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நின்ற வேளையில், சென்னை சி-டக் நிறுவனம் உருவாக்கிய 'பொஸ்' லினக்ஸை அரசு தன் அலுவலகங்களுக்குப் பரிந்துரைத்தது.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யக்கூடாது. முதல் மாதம் விண்டோஸ் இருந்தபடியே இருக்கட்டும். அதற்குள் லிப்ரே ஒபிஸையும் பயர்பொக்ஸையும் போட்டு, கடிதமும் கணக்கும் இணையமும் அவற்றிலேயே நடக்கட்டும். இவ்விரண்டும் லினக்ஸிலும் அப்படியே உள்ளன. பின்னர் அடித்தளம் மாறும்போது, மூத்தவர் நாளாந்தம் தொடும் பொருட்கள் மாறியிருக்கா. நாற்றை மண்ணோடு கிளப்பி நடுவதைப் போன்றது இது.

அடுத்தது பரீட்சை. மின்ட் ஏறக்குறைய 3 ஜி.பி. அளவுள்ளதால் இணைய வசதியுள்ள இடத்தில் இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். வெறுமனே பிரதி செய்தால் போதாது. எட்சர் அல்லது ரூபஸ் என்ற கருவியால் எழுத வேண்டும், பென் டிரைவில் முன்பிருந்தவை அழியும். அதிலிருந்து கணினியைத் தொடக்கினால், உள்ளே எதையும் பதியாமலே லினக்ஸ் ஓடும். வைபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பாருங்கள். ஸ்கேனர் அசையாவிட்டால் தீர்வு கிடைக்கும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

பதியும் வேளையில் ஒரு கேள்வி வரும்: விண்டோஸின் அருகில் பதியவா, முழு டிஸ்கையும் அழித்துவிட்டுப் பதியவா? இரண்டாவதை அழுத்தினால் உறுதிப் பிரதியும் படங்களும் போய்விடும். ஆதலால் எதைத் தெரிவு செய்வதாயினும், முன்கூட்டியே எல்லாவற்றையும் இரு வேறு பென் டிரைவ்களில் பிரதி எடுத்து, இரு வேறு வீடுகளில் வையுங்கள். பிரதி எடுத்தால் மட்டும் போதாது, வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். 1990 ஒக்டோபரில் சில மணி நேரத்தில் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு, பத்திரங்களை முதலில் எடுக்க வேண்டும் என்பதை நாம் கற்பிக்கத் தேவையில்லை.

கற்பிக்கும் இளைஞருக்கு நாம் கூறுவது ஒன்றுதான்: மவுஸைத் தொடாதீர்கள். "கொஞ்சம் தள்ளுங்க மாமா, நான் செய்து தாறன்" என்றால் வேலை முடியும், மாமா ஒன்றும் கற்கமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். எழுத்தையும் அம்புக்குறியையும் பெரிதாக்கிக் கொடுங்கள். இரட்டைக் கிளிக்கின் வேகத்தைக் குறையுங்கள். திரையில் நான்கு படங்கள் போதும்: கடிதம், கணக்கு, இணையம், படங்கள். கட்டளை எழுதும் கறுப்புத் திரையைக் காட்டவே வேண்டாம். கற்றவர் தன் கையெழுத்தில் ஒரு கொப்பியில் படிமுறைகளை எழுதட்டும். அச்சடித்த கையேட்டைவிட அதைத்தான் அவர் திரும்பத் திரும்பப் பார்ப்பார்.

பலரும் கேட்பது, "டி டிரைவ் எங்கே?" என்பது. லினக்ஸில் சி, டி என்ற பெயர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் 'ஹோம்' என்றொரு வீடு உண்டு. ஆவணங்களும் படங்களும் அதன் அறைகள். விண்டோஸை அருகில் வைத்திருந்தால் பழைய டி டிரைவ் தனியொரு டிஸ்க்காகத் தெரியும், திறந்து பார்க்கலாம்.

அதிகம் பயமுறுத்துவது தமிழ் எழுத்து. பாமினியில் அடித்த கடிதத்தை லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கும். கடிதம் கெடவில்லை. பாமினி எழுத்துருப் பைலை விண்டோஸிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்து இரட்டைக் கிளிக் செய்து பதிந்தால் மீண்டும் தமிழாகத் தெரியும். புதியவற்றை யுனிகோட்டில் எழுதப் பழக்குங்கள். பாமினி தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் விசை ஒழுங்கைத் தழுவியது. லினக்ஸில் ஐபஸ் வழியாகத் தட்டச்சு ஒழுங்கையும் ரெங்கநாதன் ஒழுங்கையும் தெரிவு செய்யலாம். சில விசைகள் மாறினாலும் விரல்கள் விரைவில் கண்டுகொள்ளும். மெனுவையும் தமிழாக்கலாம். ஆனால் 'சேவ்', 'பிரிண்ட்' என்று பழகியவரிடம் அதைத் திணிப்பதை நாம் விரும்புவதில்லை. தமிழ்ப்பற்றை அந்த முதல் மாதத்தில் சற்று ஒத்திவைக்கலாம்.

எல்லோரும் மாற வேண்டியதில்லை. விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளில் பிழைப்பு நடத்துபவர், போட்டோஷொப்பில் வேலை செய்யும் ஸ்டுடியோக்காரர் ஆகியோருக்கு லினக்ஸ் இடைஞ்சலாகவே முடியும். மைக்ரோசொப்ட் வேர்ட்டில் வந்த படிவம் லிப்ரே ஒபிஸில் சில வேளை வரி தப்பி நிற்கும். அலுவலகத்துக்கு அனுப்புவதைப் பி.டி.எப். ஆக்கி அனுப்புவது பாதுகாப்பானது.

பதிந்த பின்னர் 'டைம்ஷிப்ட்' கருவியை இயக்கிவிடுங்கள். திருத்தமொன்றால் கணினி குழம்பினால் முந்திய நிலைக்குத் திருப்ப அது உதவும். அது காப்பது கணினியின் அமைப்பை மட்டுமே. கடிதங்களுக்குப் பென் டிரைவ்தான். கீழ்ப்பட்டையிலுள்ள கேடயப் படத்தில் சிறு புள்ளி தெரிந்தால் திருத்தம் வந்திருக்கிறது என்று பொருள். அதைத் திறந்து திருத்தங்களைப் பதியும்போது கடவுச்சொல் கேட்கும். அந்தச் சொல்லை மூத்தவரே தெரிவு செய்து, கொப்பியின் பின் அட்டையில் அல்லாமல், உறுதிப் பத்திரம் வைக்கும் பெட்டிக்குள் எழுதி வைக்கட்டும். முதல் இரண்டு மாதங்களுக்கு வாரத்தில் ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன், ஓர் இளைஞர் வீட்டுக்குச் சென்று அரை மணி நேரம் இருந்து வந்தால் போதுமானது.