அரிய நிரல்மொழியும் ஆள்தேர்வும்

கல்வியின் பெருமை கற்ற நூல்களின் தொகையால் அமைவதன்று. கல்லாத நூலொன்று கைக்கு வருங்கால் அதனைக் கற்றுக்கொள்ளும் ஆற்றலால் அமைவதாகும். இவ்வுண்மை தமிழ்நூற் பயிற்சிக்கேயன்றிக் கணினித் தொழிலுக்கும் பொருந்துமென்று காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணவர்க்குக் கணினியோடு யாது தொடர்பு என நேயர்கள் வினவலாம். எம் ஊரில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியே எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியது.

கொள்ளிடத்தின் வடபால் அரியலூர் மாவட்டத்தில் உள்ள தா.பழூர் எம் ஊர். எம் தெருவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் பொறியியற் படிப்பை முடித்துச் சென்ற ஆண்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்பினார். எர்லாங் என்னும் நிரல்மொழி அறிந்தார் தேவை என்பது விளம்பரம். அண்ணன் அம்மொழியை ஆறு திங்கள் தாமே பயின்று, நெல் விற்க வரும் வண்டிகளுக்கு வரிசை எண் வழங்கும் சிறு நிரல் ஒன்றும் எழுதி வைத்திருந்தார். இரவுப் பேருந்தேறிச் சென்று, காலையில் நேர்காணலுக்கு அமர்ந்தார். “இம்மொழியில் எத்தனை ஆண்டு அநுபவம்?” என்பது முதல் வினா. “கம்பெனியில் இல்லை ஐயா, நானே பயின்றது” என்றார். அவ்வளவில் நேர்காணல் முடிந்தது. அவர் எழுதிய நிரலை எவரும் திறந்தும் பார்த்திலர். மூன்று திங்கள் கழிந்த பின்னும் அதே பணிக்கு விளம்பரம் வந்துகொண்டிருந்தது. ஆள் கிடைக்கவில்லையென வருந்துவார் ஒருபுறமும், வேலை கிடைக்கவில்லையென வருந்துவார் மற்றொருபுறமும் நிற்ப, இடையே கதவு அடைத்துக் கிடந்தது. இக்கதவை அடைத்தது யாது என ஆராய்வோம்.

நிரல்மொழிகளுள் சில உலகெங்கும் வழங்குவன. சில, சிலரால் மட்டும் சிறப்பான வினைக்கு ஆளப்படுவன. எர்லாங் பின்னவற்றுள் ஒன்று. 1986ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டு எரிக்சன் கம்பெனியின் ஆய்வகத்தில், தொலைபேசி இணைப்பகங்களின் பொருட்டு ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் முதலியோரால் அஃது ஆக்கப்பட்டது. அதன்கண் ஒரு பெயர்க்கு ஒருமுறை அளித்த மதிப்பைப் பின்னர் மாற்றுதல் இயலாது. பெருவினையைப் பல்லாயிரம் சிற்றியக்கங்களாகப் பகுத்து, அவை தம்முள் செய்தி அனுப்பி வினை முடிக்குமாறு அமைப்பர். ஓரியக்கம் கெட்டு வீழின், அதனை மேற்பார்க்கும் மற்றோரியக்கம் அதனை மீளத் தொடங்குவிக்கும். வாட்ஸ்அப் கம்பெனி இம்மொழியைக் கைக்கொண்டது. 2014இல் பேஸ்புக் அதனை விலைக்கு வாங்க முன்வந்தபோது, திங்கள்தோறும் 45 கோடி மக்கள் பயன்படுத்திய அவ்வமைப்பை நடத்தியவர் ஏறத்தாழ 55 பேரே. ஒரு மொழி அருகி வழங்குதலால் அது பயனற்றதென்று கருதற்க.

அருகிய மொழிகளுள் மற்றொரு வகை, ஒரு காலத்துப் பெருவழக்காய் இருந்து பின் கற்பார் குறைந்தவை. 1959இல் உருவாகத் தொடங்கிய கோபோல் அத்தகையது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் வெள்ளமெனப் பெருகியபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர், நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கணினிகளைக் காக்கக் கோபோல் அறிந்தார் உதவ முன்வருமாறு பொதுமக்களை வேண்டினார். வேண்டிய அன்று ஆளைத் தேடுவதினும், முன்னரே ஆளைப் பயிற்றி வைத்தல் நன்றென்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தும்.

இனி, ஆண்டுக் கணக்கை அளவுகோலாகக் கொள்வது தகுமா என்பதை நம் இலக்கிய வரலாற்றிற் கண்ட ஒரு சான்றால் ஆராய்வோம். உ. வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் எம் அரியலூரிலிருந்து மாற்றலாகி அந்நகர்க்கு முன்சீபாக வந்தார். தம்மைக் காண வந்த ஐயரை, என்னென்ன நூல் கற்றீர் என அவர் வினவினார். ஐயர் அந்தாதி, கலம்பகம், கோவை, புராணம் என நெடிய பட்டியல் கூறியும் முதலியார் மகிழ்ந்திலர். சீவக சிந்தாமணி முதலிய பழநூல்களைப் படித்ததுண்டா என்றே கேட்டார். ஐயர் அதுகாறும் அந்நூலைப் படித்ததில்லை. முதலியார் அப்பட்டியலோடு உரையை முடித்திருப்பின் தமிழுக்கு நேர்ந்திருக்கும் இழப்பு சிறிதன்று. அவரோ கையெழுத்துப் படியொன்றை ஐயரிடம் அளித்துப் படிக்கச் செய்தார். ஐயர் அந்நூலின் பொருள் விளங்காது இடர்ப்பட்டு, கும்பகோணத்துச் சமணரை நாடி அவர்தம் சமயச் சொற்களைக் கற்றுத் தெளிந்து, 1887இல் அந்நூலை அச்சிட்டு வெளியிட்டார். சிந்தாமணியில் அவர்க்கு ஓராண்டு அநுபவமும் இல்லை. இருந்தவை யாவையெனின், மொழியிலக்கணத்தில் ஆழ்ந்த பயிற்சியும், விளங்காததை விளங்காதென ஒப்பும் நேர்மையும், வினவி அறியும் விடாமுயற்சியுமே.

அரிய நிரல்மொழிக்கு ஆள் தேடுவாரும் இம்மூன்றையே தேடல் வேண்டும். அவர் செய்யத்தக்கன நான்கு.

முதலாவது, முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டுவன இவை, பணியேற்ற பின் கற்கக்கூடுவன இவை எனப் பகுத்துக்கொள்ளல். தரவை அடுக்கும் முறையும், பிழை காணும் முறையும் எம்மொழிக்கும் பொதுவாவன. ஒரு மொழிக்கே உரிய எழுத்துமுறையோ, அடிப்படை வலியார்க்குச் சில திங்களிற் கைவரும்.

இரண்டாவது, செய்வித்துக் காணல். எம் பக்கத்து ஜெயங்கொண்டம் பகுதியில் நெசவுக்கு ஆள் வைப்பவர், எத்தனை ஆண்டு நெய்தாய் என்பதோடு நில்லார். தறியில் அமர்த்தி, அறுந்த இழையை எடுத்து முடியச் சொல்லி விரல்களைப் பார்ப்பர். அதுபோலப் பிழையுள்ள சிறு நிரலொன்றையும் அம்மொழியின் கையேட்டையும் ஒருங்கே கொடுத்து, ‘இது யாது செய்யும்? எங்கே தவறும்? அறியாததை எவ்வாறு அறிவீர்?’ என வினவுக. விடையினும் விடை தேடும் வழியே ஆளைக் காட்டும். அவர் முன்னரே எழுதிய நிரல் உளதாயின் அதனை உடனிருந்து படித்து, இவ்வாறு எழுதியது ஏன் எனக் கேட்க. நாட்கணக்கில் வேலை கொடுத்துப் பார்ப்பதாயின் அதற்குக் கூலி கொடுத்தல் அறம்.

மூன்றாவது, யாவர்க்கும் ஒரே வினாவும் ஒரே மதிப்பெண் முறையும் வகுத்தல். 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்னும் உளநூலார் இருவர் எண்பத்தைந்து ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கினர். வேலையின் மாதிரியைச் செய்வித்தலும், ஒழுங்கு வகுத்த நேர்காணலும் பிற்காலத் திறமையை நன்கு முன்னறிவிக்க, அநுபவ ஆண்டுகளோ மிகச் சிறிதே அறிவித்தன. 2022இல் சாக்கெட் முதலியோர் இக்கணக்குகளைத் திருத்திச் சிலவற்றைக் குறைத்தனர். அப்போதும் ஒழுங்கு வகுத்த நேர்காணலே முன்னணியில் நின்றது.

நான்காவது, தேர்ந்தபின் பயிற்றல். வள்ளுவர் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, அதனை அடுத்துத் தெரிந்துவினையாடல் எனப் பிறிதோர் அதிகாரமும் வைத்தார். தேர்தல் ஒன்று; தேர்ந்தாரை வினையில் ஈடுபடுத்தல் மற்றொன்று. அரிய மொழி அறிந்தவன் ஒருவனையே நம்பியிருக்கும் கம்பெனி, அவன் நீங்கிய நாளில் தவிக்கும். ஆதலின் மூத்தார் ஒருவரிடம் இளையார் இருவரையேனும் அமர்த்துதல் நன்று. தமிழ்நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. ஜோஹோ கம்பெனிக்கு டெலூஜ் எனத் தனக்கே உரிய நிரல்மொழி ஒன்று இருக்கின்றது. அது தானே நடத்தும் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோரையும் பட்டயப் படிப்பினரையும் சேர்த்து, கட்டணம் பெறாது உதவித்தொகையும் அளித்துத் தொழில் பயிற்றி வருகின்றது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அதன் அலுவலகம் இயங்குகின்றது. பயிற்றும் மனம் உண்டாயின் ஆள் சிற்றூரிலும் கிடைப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இதுகாறும் தேர்வாரை நோக்கிக் கூறினோம். தேர்வுக்குச் செல்வார்க்கும் ஒரு சொல் உண்டு. பால் கிரகாம் என்னும் நிரலர், பைத்தான் மொழி இன்றுபோற் பெருவழக்காகாத 2004இல் ஒரு கருத்தை வெளியிட்டார்: வேலைக்கென்றன்றி விருப்பாற் கற்கப்படும் அரிய மொழியை ஆளும் கம்பெனி, திறமுடையாரை எளிதில் ஈர்க்கும் என்பதே அது. இதன் உட்பொருள் யாதெனின், விருப்பாற் கற்றல் தானே ஒரு தகுதி என்பது. எனவே அரிய மொழியொன்றைக் கற்கும் நண்பர்கள், கற்றேன் என்று எழுதுவதோடு நில்லாது, ஒரு சிறு பொருளையேனும் செய்து முடித்து வைத்திருத்தல் வேண்டும். தெரியாத வினாவுக்குத் தெரியாதென்று சொல்லவும் அஞ்சற்க.

எம் அண்ணன் தம் நிரலை விட்டுவிடவில்லை. அண்மையில் வேறோரிடத்தில் நேர்காணல் நிகழ்ந்தது. அவர்கள் ஆண்டு எத்தனை என்று கேளாது, வண்டி வரிசை நிரலைத் திறந்து, மின்சாரம் நின்றுபோனால் வரிசை என்னாகும் எனக் கேட்டனராம். “அதை நான் எண்ணவில்லை ஐயா” என்று கூறி, அங்கேயே அமர்ந்து ஒரு மணி நேரத்தில் அதனைத் திருத்திக் காட்டினார். முடிவு இன்னும் வரவில்லை. வேலை கிடைப்பினும் கிடையாதொழியினும், தம்மை ஒருவர் உண்மையாகவே பரீட்சித்தார் என்ற மகிழ்ச்சியோடு அவர் ஊர் திரும்பினார். நாளை நம்முள் ஒருவர் மேசையின் மறுபுறத்தில் அமர்ந்து ஆள் தேரும் நிலை பெறலாம். அன்று எதிரில் வந்தமர்வாரின் ஆண்டுகளை எண்ணுமுன், அவர் கையிற் கொணர்ந்ததைத் திறந்து பார்ப்போமாக.