ப்ராக்ஸி கடவுச்சொல் கேட்கிறதா?

அலுவலக மடிக்கணினியிலோ விடுதி வைஃபையிலோ ப்ராக்ஸி வழியாக இணையத்துக்குப் போகிறவர்களுக்கு:

1. முதலில் பிழை எண்ணைப் பாருங்கள். 401 என்றால் கடவுச்சொல் கேட்பது நீங்கள் திறக்கப்போன தளம். 407 என்றால் கேட்பது வழியில் நிற்கும் ப்ராக்ஸி. 407 வரும்போது மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டுச் சாவியை வாயிற்காவலரிடம் கொடுப்பது போலாகிவிடும்.

2. 'பேசிக்' என்ற அடையாளச் சோதனை முறையில் கடவுச்சொல் பேஸ்64 எழுத்துகளாக மாறி, ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும். பார்த்தால் புரியாதே தவிர, அது பூட்டு அல்ல. நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். வங்கிக் கணக்குக்கு வைத்த கடவுச்சொல்லை இங்கே தயவுசெய்து வைக்காதீர்கள்.

3. முகவரி, பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒரே வரியில் எழுதச் சொல்லும் மென்பொருள்களில், கடவுச்சொல்லில் @ இருந்தால் %40 என்றும், # இருந்தால் %23 என்றும் எழுதுங்கள்.

4. சரியான கடவுச்சொல் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? பலரை அழவைக்கும் சிக்கல் இது. உலாவியும் ப்ராக்ஸியும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியின் 1.0 பதிப்பில், ஒரு பதில் வந்ததும் இணைப்பை மூடிவிடுவதே வழக்கம். 1997இல் வந்த 1.1, இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். விண்டோஸ் அலுவலகங்களில் உள்ள என்டிஎல்எம் முறையில் அடையாளச் சோதனை இரண்டு மூன்று சுற்றாக, அதே இணைப்பில் நடந்து முடிய வேண்டும். பழைய பதிப்பில் பேசும் ப்ராக்ஸி நடுவிலேயே இணைப்பை அறுத்தால், மறுபடி முதலிலிருந்துதான். கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டால் கணக்கே முடங்கலாம். விண்டோஸின் இன்டர்நெட் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்டு பகுதியில், ப்ராக்ஸி இணைப்புக்கும் எச்டிடிபி 1.1 என்றொரு கட்டம் உண்டு. அதில் டிக் இருக்கட்டும். அப்படியும் சரியாகாவிட்டால் தொழில்நுட்பப் பிரிவிடம் ப்ராக்ஸியின் பதிப்பைக் கேளுங்கள்.

5. அடையாளச் சோதனை கெர்பரோஸ் முறையில் நடந்தால் மடிக்கணினியின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். பொதுவாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும்.

6. எச்டிடிபிஎஸ் தளங்களுக்குச் சாதாரண ப்ராக்ஸி ஒரு சுரங்கப்பாதை போட்டுத் தரும். உள்ளே உலாவியும் தளமும் எச்டிடிபி 2 பேசிக்கொள்ளலாம். எச்டிடிபி 3 மட்டும் யுடிபி வழியில் போவதால் இந்தச் சுரங்கத்தில் நுழையாது. உலாவி தானாகவே 2க்கு இறங்கிவிடும். அதைப் பழுதென்று நினைக்க வேண்டாம்.

7. வீட்டுக்கு வந்ததும் எந்தத் தளமும் திறக்கவில்லையா? ரவுட்டரைக் குறை சொல்லுமுன், அலுவலக ப்ராக்ஸி அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ப்ராக்ஸியை அணைக்க வழியில்லாதவர்கள், ரவுட்டர் பக்கத்தையாவது திறக்க, அதன் முகவரியை (பல வீடுகளில் 192.168.1.1) விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.