ஒப்புரவுப் பயணம்

நுழையும்முன்

அறம் செய்வதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுதும் அறச்செயலுக்குக் கருவியாக முடியுமா? இக்கேள்விக்கு விடை கூறுகிறது இப்பாடம்.

எல்லையோர ஊர்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், குப்பத்திற்கு அருகில் அமைந்துள்ள ஊர் குடுபல்லி. ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கி நிற்கும் பகுதி இது. ஆகவே, இங்குத் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். பெங்களூருக்கும் சோலையார்பேட்டைக்கும் இடையிலான இருப்புப்பாதை இவ்வூர் வழியாகச் செல்கிறது.

இத்தகைய ஊர்களில் மோட்டார் சைக்கிள் ஒரு குடும்பத்தின் கால்களைப் போன்றது. விடியற்காலையில் அதன் இருபுறமும் பால் கேன்கள் தொங்கும். பகலில் காய்கறி மூட்டை ஏறும். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் அமர்வர். நள்ளிரவில் யாருக்கேனும் உடல்நலம் குன்றினால், அவரைக் குப்பத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் அதே வண்டிதான். ஒரு வீட்டிற்கு உழைக்கும் இவ்வண்டி, முன்பின் அறியாதவர்களுக்கும் உழைக்க முடியும். உலகின் பல நகரங்களில் அவ்வாறு உழைத்தும் வருகிறது.

சிட்னியில் தோன்றிய எண்ணம்

2012ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த மார்க் ஹவ்வா என்பவர் ஒரு படத்தைக் கண்டார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதைமாந்தர், கோட்டும் சூட்டும் அணிந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் அமர்ந்திருந்தார். மோட்டார் சைக்கிளில் கூட்டமாகச் செல்வோர் முரடர்கள் என்னும் எண்ணம் மக்களிடையே பரவியிருந்தது. நேர்த்தியாக உடுத்தி, அமைதியாக ஊர்வலம் சென்றால் அவ்வெண்ணம் மாறும் என்று மார்க் ஹவ்வா கருதினார். 'டிஸ்டிங்விஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடு' என்னும் பயணம் அவ்வாறு பிறந்தது. 'கண்ணியம் மிக்கோர் பயணம்' என்று இப்பெயரைத் தமிழில் கூறலாம். முதல் ஆண்டிலேயே 64 நகரங்களில் 2,500க்கும் மேற்பட்டோர் இதில் கலந்துகொண்டனர்.

இத்தனை பேர் ஒன்றுகூடும்போது அக்கூட்டத்தால் பிறர்க்குப் பயன் விளைய வேண்டாவா? இவ்வெண்ணத்தால், 2013ஆம் ஆண்டு முதல் இப்பயணம் நிதி திரட்டும் பயணமாக மாறியது. ஆண்களைத் தாக்கும் புராஸ்டேட் புற்றுநோய் பற்றிய ஆய்வுக்கு அந்நிதி வழங்கப்பட்டது. பின்னர் ஆண்களின் மனநலப் பணியும் அதனுடன் சேர்ந்தது. இன்று பெண்களும் இப்பயணத்தில் வண்டி ஓட்டுகின்றனர். இந்தியாவில் பெங்களூரு, சென்னை முதலிய நகரங்களிலும் இது நடைபெறுகிறது. கோட்டுக்குப் பதிலாக வேட்டி, குர்தா போன்ற நம் உடைகளில் வருவோரும் உண்டு.

பணம் எவ்வாறு சேர்கிறது?

வண்டியை ஓட்டுவதால் மட்டும் பணம் வந்துவிடாது. பயணத்தில் கலந்துகொள்ள விரும்புவோர் முதலில் தம் பெயரைப் பதிவு செய்கின்றனர். பின்னர் உற்றார், உறவினர், நண்பர், உடன் பணிபுரிவோர் ஆகியோரிடம், "இந்நோக்கத்திற்காக நான் செல்கிறேன்; உங்களால் இயன்றதைக் கொடுங்கள்" என்று வேண்டுகின்றனர். பத்துப் பேர் சிறு தொகையை அளித்தாலும், ஒருவர் பெயரில் ஒரு நல்ல தொகை சேரும். நூறு பேர் அவ்வாறு திரட்டினால் அது பெருந்தொகையாகும்.

அப்படியாயின், அனைவரும் பெட்ரோலுக்குச் செலவிடும் பணத்தையே நேரடியாகக் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். இது நேர்மையான கேள்வி. செலவு மிகுந்து, சேர்ந்த நிதி குறைந்தால் அப்பயணம் வெறும் உலாவே. ஆனால், நன்கு நடத்தப்படும் பயணத்தில் ஒருவர் செலவிடும் பெட்ரோலைவிடப் பன்மடங்கு நிதியை அவர் திரட்டித் தருகிறார். இதனினும் பெரிய பயன் மற்றொன்று உண்டு. நோயையும் மனத்துயரையும் வெளியே சொல்லத் தயங்கும் ஆண்கள் பலர். உடன் வந்தவரோடு தேநீர் அருந்தும் இடைவேளையில் அத்தயக்கம் சிறிது அகல்கிறது. மருத்துவரைக் காணத் தள்ளிப்போட்ட ஒருவர், அப்பேச்சுக்குப் பின் மருத்துவமனைக்குச் சென்றால், அதுவே பயணத்தின் வெற்றியாகும்.

யார் பொருட்டுத் திரட்டினர், எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவாயிற்று ஆகிய மூன்றையும் வெளிப்படையாகக் கூறுவது நடத்துவோரின் கடமை. கணக்கு இல்லாத கொடையில் நம்பிக்கை நிலைக்காது.

குழுவின் ஒழுங்கு

அறப்பயணம் பந்தயம் ஆகாது. வழி அறிந்த ஒருவர் தலைவராக முன்னே செல்வார். அனுபவம் மிக்க மற்றொருவர் கடைசியில் வருவார். பழுதடைந்து நிற்கும் வண்டியைக் கண்டு உதவுவது அவர் பணி. ஆகவே எவரும் வழியில் கைவிடப்படுவதில்லை.

வண்டிகள் அருகருகே செல்வதில்லை. முதல் வண்டி சாலைத் தடத்தின் ஒரு பக்கத்திலும், அடுத்த வண்டி மறுபக்கத்திலும் சற்றுப் பின்தள்ளியும் செல்லும். நேர் முன்னால் உள்ள வண்டிக்கும் தமக்கும் இடையே குறைந்தது இரண்டு நொடி இடைவெளி விடுவர். முன்னே பள்ளம் இருந்தால் கையால் காட்டுவர்; அச்சைகை ஒருவர்பின் ஒருவராகக் கடைசி வண்டிவரை சென்று சேரும். புதியவரின் வேகத்திற்கு ஏற்பவே பழகியவரும் செல்வர். ஆம்புலன்சு வந்தால் வழிவிடுவர்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. பிறர் உயிரைக் காக்கப் புறப்பட்டவர் தம் உயிரைப் புறக்கணித்தல் முறையன்று.

தனியொருவரின் பயணம்

மேற்கு வங்கத்தின் சல்பைகுரி மாவட்டத்தில் கரிமுல் ஹக் என்னும் தேயிலைத் தோட்டத் தொழிலாளி வாழ்கிறார். 1995ஆம் ஆண்டு அவருடைய தாயார் நோயுற்றார். உரிய காலத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வண்டி கிடைக்காமையால் தாயார் இறந்தார். பின்னர், உடன் பணிபுரிந்த ஒருவர் மயங்கி விழுந்தபோது, அவரை மோட்டார் சைக்கிளில் தம் முதுகோடு சேர்த்துக் கட்டி மருத்துவமனையில் சேர்த்தார் ஹக். அவர் பிழைத்தார். அன்று முதல் ஹக்கின் மோட்டார் சைக்கிளே அவ்வூர்ப் பகுதியின் ஆம்புலன்சு ஆயிற்று. கட்டணம் பெறாமல் ஆயிரக்கணக்கானோரை அவர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். 2017ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

குழுவாகச் சென்று நிதி திரட்டுவோரும், தனியராக நோயாளியைச் சுமந்த ஹக்கும் செய்தது ஒன்றே. தமக்கென வாங்கிய வண்டியில் பிறர்க்கும் இடம் கொடுத்தனர். திருக்குறளில் 22ஆம் அதிகாரம் 'ஒப்புரவறிதல்', அடுத்தது 'ஈகை'. வறியவர்க்குக் கொடுப்பது ஈகை. சமூகத்தின் தேவையை உணர்ந்து, அதனோடு பொருந்தி, தம்மிடம் உள்ளதைப் பலர்க்கும் பயன்படச் செய்வது ஒப்புரவு.

குடுபல்லிச் சாலையிலும் அதற்கு இடம் உண்டு. விபத்தில் விழுந்தவரைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, 108 எண்ணை அழைத்து, உதவி வரும்வரை அருகில் இருப்பவர் ஒப்புரவாளரே. அவ்வாறு நல்லெண்ணத்துடன் உதவுவோரைச் சட்டச் சிக்கலிலிருந்து காக்க, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. உதவியவர் தம் பெயரைக்கூடக் கூற வேண்டிய கட்டாயம் இல்லை.

சொல்லும் பொருளும்

ஒப்புரவு – உலகோடு பொருந்திப் பலர்க்கும் பயன்பட வாழ்தல்
இருப்புப்பாதை – இரயில் செல்லும் தண்டவாளப் பாதை
கதைமாந்தர் – கதையில் வரும் மனிதர்
சைகை – குறிப்பால் உணர்த்துதல்
உலா – மகிழ்ச்சிக்காகச் சுற்றி வருதல்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. தலைக்கவசம்  2. அவ்வெண்ணம்  3. அறச்செயல்

ஆ. ஓரிரு சொற்களில் விடை தருக.
1. குடுபல்லி எந்த மாவட்டத்தில் உள்ளது?
2. கரிமுல் ஹக் பெற்ற விருது யாது?

இ. சுருக்கமாக விடை எழுதுக.
1. குழுவின் கடைசியில் வருபவரின் பணி யாது?
2. அறப்பயணம் எப்போது வெறும் உலாவாகிவிடும்?
3. ஈகைக்கும் ஒப்புரவுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டில் உள்ள பொருள் ஒன்று அண்டை வீட்டாருக்கு உதவிய நிகழ்ச்சியைத் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் தமிழில் கேட்டறிந்து, எட்டு வரிகளில் எழுதுக.