கதை வாசிப்பும் நம் வாழ்க்கையும்

"கதைப் புத்தகம் போதும், பாடப் புத்தகத்தை எடு" என்ற அதட்டலைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் சிலரே. இன்று நம் பிள்ளைகளிடம் நாமும் அதையே சொல்லி வருகிறோம். கதை படிப்பது வெறும் பொழுதுபோக்குத்தானா? ஒரு கதையை எடுத்துக்கொண்டு சிந்திப்போம்.

ஜெயகாந்தன் (1934–2015) ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வாசிப்பே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பின்னாளில் சாகித்திய அக்காதெமி விருதும் ஞானபீட விருதும் அவரைத் தேடி வந்தன. 1960களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய சிறுகதை 'அக்கினிப் பிரவேசம்'.

மழையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற கல்லூரி மாணவி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவளுடைய பேதைமையை அவன் பயன்படுத்திக்கொள்கிறான். வீடு திரும்பிய மகள் அழுதபடி நடந்ததைச் சொல்ல, தாய் முதலில் ஆத்திரத்தில் அடிக்கிறாள். பிறகு அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று தேற்றி, ஊர் வாயிலிருந்து அவளைக் காக்கிறாள். தலைப்பு சீதையின் தீக்குளிப்பை நினைவூட்டுகிறது. இந்தத் தாய் கையில் எடுத்ததோ தண்ணீர்.

தாய் செய்தது சரியா என்று வாசகர்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. அவள் வேறு விதமாக நடந்திருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். இதற்குத்தான் 1972இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. இதில் தாய் அலறி விடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அண்ணன் கங்காவை வீட்டைவிட்டு விரட்டுகிறான். அவள் படித்து நல்ல உத்தியோகத்துக்கு வந்த பின்னும் பழி அவளை விடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சிறுகதையைப் பத்திரிகையில் வாசிக்கும் கங்கா, அதைத் தாயிடம் வாசிக்கக் கொடுக்கிறாள். மகள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஒரு கதை சொல்லிவிடுகிறது.

இதிலிருந்து நாம் அறிவன:

1. கதை நம்மைப் பிறர் இடத்தில் நிறுத்துகிறது. தாயாகவும் மகளாகவும் ஒரு நாழிகை வாழ்ந்து பார்க்கிறோம். அப்படிப் பழகிய மனம் தீர்ப்புச் சொல்லுமுன் சற்றே நின்று யோசிக்கும்.

2. துன்பம் நம் வீட்டு வாசலுக்கு வருமுன்பே, என்ன செய்வோம் என்று எண்ணிப் பார்க்கக் கதை வாய்ப்பளிக்கிறது. ஆத்திரத்தில் சொல்லும் ஒரு சொல் ஒரு வாழ்வையே திசை திருப்பிவிடும் என்பதை முன்கூட்டியே உணர்கிறோம்.

3. பேச முடியாததைப் பேச வழி திறக்கிறது. அந்நிய நாட்டில், பெற்றோர் ஒரு மொழியிலும் பிள்ளைகள் இன்னொரு மொழியிலும் சிந்திக்கும் நம் வீடுகளுக்கு இது மிகவும் வேண்டியது.

வாசிப்பவர் எல்லோரும் நல்லவராகிவிடுவர் என்று நாம் சொல்ல வரவில்லை. படித்ததை வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பவருக்கே பலன். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வாரம் ஒரு கதையை நாமே வாசித்துக் காட்டி, அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கலாம். அவர்கள் படிக்கும் கதையையும் நமக்குச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

வீட்டில் கலந்து பேச:

– இரு தாய்மாரில் நாம் யாரைப் போல நடந்திருப்போம்?

– நம் பிள்ளை ஒரு தவறையோ துன்பத்தையோ அச்சமின்றி நம்மிடம் சொல்ல முடிகிறதா?