கடல்கடந்து கற்ற வரலாறு

திரிங்காப்பில் காலைப் பனி விலகும்போது காய்கறித் தோட்டங்கள் கண்ணில் படுகின்றன. கேமரன் மலையின் பிற சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. அவற்றுள் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இம்மலையில் தேயிலை நட்ட தமிழர்கள் எந்த ஊர்களிலிருந்து வந்தார்கள்? எப்படி வாழ்ந்தார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தேடுவதே வரலாற்று மாணவரின் பணி. ஆனால், சான்றுகள் அனைத்தும் உள்ளூரிலேயே கிடைப்பதில்லை. மலாயாவைப் பிரிட்டிஷார் ஆண்டதால், அக்கால ஆவணங்கள் பல இலண்டனில் உள்ளன.

சொந்த மண்ணின் வரலாற்றை அயல்நாட்டில் கற்றவர்களுள் ஒருவர் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம். 1930ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்த இவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் இலண்டனில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். இலங்கையில் டச்சுக்காரர் ஆட்சியே இவரது ஆய்வுப் பொருள். 1641இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர், 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். அவர்களின் ஆவணங்கள் நெதர்லாந்தில் இருந்தன. அவை டச்சு மொழியில் எழுதப்பட்டவை. தம் ஊரின் பழங்கதையை அறிய, அவர் அயலார் எழுதி வைத்த ஏடுகளை நாட வேண்டியிருந்தது. அவ்வாய்வு 1958இல் நூலாக வெளிவந்தது.

ஏடுகளைப் படித்தால் மட்டும் போதாது. எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்றும் கேட்க வேண்டும். வணிகக் கம்பெனியின் எழுத்தர் இலவங்கப்பட்டையின் எடையையும் விலையையும் கணக்கிட்டு எழுதினார். பட்டை உரித்தவரின் துயரமோ அந்த எழுத்தரின் பார்வையில்தான் பதிவானது.

1960ஆம் ஆண்டுகளில் அரசரத்தினம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1970இல் வெளியானது. கடல்கடந்து கற்ற கல்வி, நம் முன்னோரின் வரலாற்றை எழுதவும் துணைநின்றது. பின்னர், அவர் ஆஸ்திரேலியாவிலும் வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

ஆயினும், தோட்டத்துக் கணக்கேடுகளில் ஒருவரின் பெயரும் கூலியும் இருக்கலாம். விடியற்காலைக் குளிரில் பெரட்டுக்குப் போன அனுபவம் இராது. அது நம் பாட்டிகளின் நினைவில்தான் உள்ளது. அவர்கள் மறைந்தால் அச்சான்றும் மறைந்துவிடும். எனவே, அவர்கள் சொல்வதைச் சொன்னவர் பெயருடனும் நாளுடனும் இன்றே எழுதி வைப்போம். நாளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலச் செல்பவருக்கு, அந்தக் குறிப்பேடும் ஓர் ஆவணமாகும்.