கணினி அறிவோம்: பைட்டுக்குள் நம்ம சாத்தூர்



கணினிக்கு அ, ஆ தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண்ணை வைக்கும் சின்னப் பெட்டிதான் பைட். ஒரு ஃபைலில் உள்ள பைட்டுகளை அப்படியே திறந்து காட்டும் மென்பொருளுக்கு ஹெக்ஸ் எடிட்டர் என்று பெயர். இது பதினாறின் அடிப்படையில் எண்ணும். 10 முதல் 15 வரைக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று ஆங்கில எழுத்து போடும்.

நம்ம ஊர் பின்கோடு 626203. இதை நோட்பேடில் அடித்துச் சேமித்து, ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் 36 32 36 32 30 33 என்று தெரியும். ஆறு எழுத்து, ஆறு பைட். 'சாத்தூர்' என்று யூனிகோடில் அடித்து யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட் வரும்! எப்படி? ச, துணைக்கால், த, புள்ளி, த, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று எட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். (27 காட்டினால் பயப்பட வேண்டாம். சில மென்பொருள் முன்னால் 3 பைட் அடையாளம் சேர்க்கும்.)

இம்போர்ட் (உள்ளே எடுப்பது)

இதில் இரண்டு அமைப்பைக் கவனிக்க வேண்டும்.

1. முறை: பின்கோடு ஃபைலை 'ஹெக்ஸ் டெக்ஸ்ட்' ஆக வெளியே அனுப்பினால், 36 என்ற ஒரே பைட் 3, 6 என்ற இரண்டு எழுத்தாகிவிடும். ஆறு பைட் பன்னிரண்டாகும். திரும்ப எடுக்கும்போதும் 'ஹெக்ஸ் டெக்ஸ்ட்' என்றே சொல்ல வேண்டும்.

2. வரிசை: யூனிகோடில் 'அ'வின் எண் 0பி85. யூடிஎஃப்-16 முறையில் இது 0பி, 85 என இரண்டு பைட். 85-ஐ முதலில் எழுதும் வழக்கமும் உண்டு. வரிசையை மாற்றிப் படித்தால் 850பி. அது ஒரு சீன எழுத்து! நம்ம 'அ' ஒரு நொடியில் சீனாவுக்குப் போய்விடும்.

என் சித்தப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டைப் செய்கிறார். அவருடைய பழைய பாமினி எழுத்துரு ஃபைல்கள் புதுக் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. "எல்லாம் போச்சு, அழிச்சிரலாமா?" என்று கேட்டார். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தோம். 'அம்மா' இருந்த இடத்தில் 6டி 6பி 3பி 6பி 68. பாமினியில் 'அம்மா'வுக்கு உரிய அதே ஐந்து பைட்! ஒன்றுகூடக் கெடவில்லை. பாமினியை நிறுவியதும் தமிழ் வந்துவிட்டது.

எக்ஸ்போர்ட் (வெளியே அனுப்புவது)

இங்கேதான் ஆபத்து. யூனிகோடில் அடித்த 'சாத்தூர்' என்ற சொல்லை நோட்பேடில் 'அன்சி' முறையில் சேமித்தால் எட்டுக் கேள்விக்குறிதான் மிஞ்சும். ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் எட்டு முறை 3எஃப். அதிலிருந்து சாத்தூரை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

ஆகவே, எடுக்கும்போது அமைப்பு தவறினால் மாற்றிப் பார்க்கலாம். மூல ஃபைல் அப்படியே இருக்கும். அனுப்பும்போது தவறி, அதன் மேலேயே சேமித்தால் போச்சு!

ஆளுக்கொரு முறையில் தமிழ் அடித்ததால்தான் இந்தத் தொல்லை. இதைத் தீர்க்க 1999-ல் சென்னையில் 'தமிழ்இணையம் 99' மாநாடு நடந்தது. அதன் பிறகு டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய ஃபைல்கள் தாமாக மாறிவிடாது.

நினைவில் வைக்க மூன்று:
* முதலில் நகல் எடு.
* முறை எது, வரிசை எது என்று பார்.
* வேறு பெயரில் சேமித்து, திறந்து சரிபார்.

உங்களுக்கு ஒரு கேள்வி: 'சிவகாசி' யூடிஎஃப்-8 முறையில் எத்தனை பைட்?

(விடை: 21)