சாயப்பட்டறை பைப்பில் ஜீப்புக்குக் கூண்டு கட்டலாமா?

பழைய மஹிந்திரா ஜீப்பையோ மாருதி ஜிப்ஸியையோ குறைந்த விலைக்கு வாங்கி, காட்டுப்பாதைக்குத் தோதாகத் தயார் செய்ய திருப்பூரில் கைத்திறமைக்குப் பஞ்சமில்லை. வாரம் முழுக்க நிட்டிங் மெஷினோடு மல்லுக்கட்டுகிற ஃபிட்டர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வெல்டிங் செட்டும் வீட்டிலேயே இருக்கும். ஆனால் பட்டறைப் பேச்சாகப் பரவிய சில நம்பிக்கைகள் உயிருக்கே உலை வைப்பவை.

நம்பிக்கை: "கமான் பட்டையை ஏத்திட்டா எந்தக் கல்லையும் தாண்டிருமுங்க."

உண்மை: ஏறுவது சேஸிஸும் பாடியும்தான். கல்லில் முதலில் இடிப்பது ஆக்சில் நடுவே தொங்குகிற கிரவுன் உருண்டை. டயர் பெரிதானால்தான் அது உயரும். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் உருண்டை 1 அங்குலம் ஏறும். பெரிய டயர் உரசாமல் சுற்றத்தான் வண்டியைத் தூக்குகிறோம். அதற்குமேல் தூக்கினால் ஓடைக்கரைச் சரிவில் வண்டி எளிதாகக் கவிழும். மணலில் சிக்காமல் போகக் காசில்லாத வழியே உண்டு: டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள், தார் ரோடு ஏறும் முன் மறுபடி நிரப்புங்கள்.

நம்பிக்கை: "சாயப்பட்டறையில கழட்டின பாய்லர் பைப்பு கெட்டியானது. ரோல் கேஜ் கூண்டுக்கு அதே போதும்."

உண்மை: எனக்கு அதிகம் பயம் தருவது இந்தப் பேச்சுதான். காயலான் கடையில் அந்த பைப்பை எடுக்கும் முன் ஒரு முழம் அறுத்து உள்ளே பாருங்கள். வெளியே வழவழவென்று இருப்பது உள்ளே துருவேறி, அம்மை வடுபோலக் குழி குழியாக இருக்கலாம். நீராவியும் சாயத்தொட்டியின் உப்புத் தண்ணீரும் ஓடிய பைப் அது. அறுத்த வாயில் வெர்னியர் வைத்து நாலு பக்கமும் அளந்தால், கெட்டி ஒரே சீராக இல்லாததும் தெரிந்துவிடலாம். வண்டி உருளும்போது அந்த மெலிந்த இடத்தில்தான் பைப் மடங்கும், மடங்குவது உங்கள் தலைக்கு மேலே. புது சீம்லெஸ் பைப் வாங்குங்கள். வளைக்கும்போது நெளிந்த துண்டை ஒதுக்கிவிடுங்கள். கூண்டின் காலைத் தரைத் தகட்டில் மட்டும் பற்றவைத்தால் அடி விழும்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும்; சேஸிஸோடு பிணைக்க வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. பைப்பும் வேண்டாம். அதைப் பற்றவைக்கிற புகையை இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும்.

ஒடிந்த கமான் பட்டைக்கு வெல்டு வைப்பதும் இதே ரகம்தான். சூட்டில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும். அடுத்த பள்ளத்தில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே விரியும். புதுப்பட்டைதான் போட வேண்டும்.

நம்பிக்கை: "ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக்கொடுத்தா எல்லாம் சரியாயிரும்."

உண்மை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஆகவே மாற்றிக் கட்டிய ஜீப்பைச் சொந்தத் தோட்டத்திலோ அனுமதியுள்ள பந்தயக் களத்திலோ மட்டும் ஓட்டுங்கள். அந்த இடம் வரைக்கும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.